ஏஜிஆர் நிலுவை வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைக்கும் செல்பேசி நிறுவனங்களுக்கும் இடையே 2003-இல் தொடங்கிய வருவாய்க் கணக்குத் தகராறு, 2019-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்த பிறகும் ஓயவில்லை. வணிகவியல் படிக்கும் மாணவர்களும், இந்நிறுவனங்களின் பங்குகளில் சேமிப்பைப் போட்டுவிட்டுக் கலங்கும் நண்பர்களும், ரீசார்ஜ் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கேட்கும் உறவினர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப எழுப்புவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏஜிஆர், ஏஜிஆர் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன சார்?

சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஏஜிஆர். செல்பேசிச் சேவை நடத்த அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனம், தன் வருவாயில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பங்கை எந்தத் தொகையின் மீது கணக்கிடுவது என்பதற்காக உரிம ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வரையறைதான் இது.

முதலில் நிறுவனத்தின் மொத்த வருவாய் எடுத்துக்கொள்ளப்படும். அதிலிருந்து மிகச் சில இனங்கள் மட்டும் கழிக்கப்படும். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசும்போது அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த இணைப்புக் கட்டணம், ரோமிங்கில் வசூலித்துப் பிற நிறுவனத்துக்குக் கைமாற்றிய தொகை, அரசுக்குச் செலுத்திய சேவை வரி, விற்பனை வரி ஆகியவை அவ்வாறு கழிக்கப்பட்ட பிறகு மிஞ்சுவதே ஏஜிஆர். சம்பளம், கோபுர வாடகை, மின்சாரம் போன்ற செலவுகளுக்குக் கழிவு கிடையாது. ஆகவே இதை லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் ஏஜிஆர் மீது கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும்.

நான் ரீசார்ஜ் செய்யும் பணத்தில் அரசுக்கு எவ்வளவு போகிறது? இதுவும் ஜிஎஸ்டியும் ஒன்றுதானா?

இரண்டும் வெவ்வேறு. நீங்கள் 236 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 36 ரூபாய் ஜிஎஸ்டி. அது உங்களிடமிருந்து வசூலித்துக் கட்டப்படும் வரி. மீதமுள்ள 200 ரூபாய் நிறுவனத்தின் வருவாய். கழிவுகள் எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டால், அந்த 200 ரூபாயில் 8 சதவீதமாகிய 16 ரூபாய் உரிமக் கட்டணமாகப் போகும். இந்த 8 சதவீதத்தில் 5 சதவீதம், கிராமப்புறங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டு செல்வதற்கென ஏற்படுத்தப்பட்டு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் நிதிக்கு உரியது.

இதைத் தவிர அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அதுவும் ஏஜிஆரின் சதவீதமாகவே கணக்கிடப்பட்டது. ஆகவே ஏஜிஆர் என்ற ஒரு சொல்லின் பொருள் விரிந்தால் இரண்டு கட்டணங்களும் சேர்ந்தே உயரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகள் எளிதாக விளங்கும்.

வருமானத்தில் பங்கு கேட்கும் இந்த ஏற்பாடு எப்போது, எதற்காக வந்தது?

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பின் தனியாருக்கு உரிமம் கொடுத்தபோது, ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான உரிமக் கட்டணம் வைத்தார்கள். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களிலும் பிற தொலைத்தொடர்பு வட்டங்களிலும் சேவை தொடங்கியவர்கள், சந்தை பெரிதாக வளரும் என்ற நம்பிக்கையில் பெரும் தொகைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வாடிக்கையாளர் சேரவில்லை. தவணை கட்ட முடியாமல் பலரும் திணறினார்கள்.

அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை நிலையான கட்டணத்தை நீக்கி, 1 ஆகஸ்ட் 1999 முதல் வருவாய்ப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் தற்காலிகமாக 15 சதவீதம் என்றிருந்த பங்கு படிப்படியாகக் குறைந்து 8 சதவீதத்துக்கு வந்தது. இந்த வரலாறு முக்கியமானது. வருவாய்ப் பங்கீடு என்பது நிறுவனங்களின் மீது திணிக்கப்பட்ட சுமையாக வரவில்லை. அவர்களை மூழ்காமல் காத்த சலுகையாகவே வந்தது. பின்னாளில் நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது.

அப்படியென்றால் எதில்தான் சண்டை?

மொத்த வருவாய் என்பதில் எதெல்லாம் சேரும் என்பதில்தான். அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா ஆகியவற்றின் மூலம் வரும் பணம் சேரும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிறுவனம் வங்கியில் வைத்திருக்கும் வைப்பின் வட்டி, வேறு நிறுவனத்தின் பங்குகளிலிருந்து வரும் ஈவுத்தொகை, கட்டடத்தை வாடகைக்கு விட்ட வருமானம், பழைய பொருள்களை விற்ற பணம், டாலர் மதிப்பு மாறியதால் கிடைத்த ஆதாயம் ஆகியவை சேருமா என்பதே கேள்வி.

உரிமம் பெற்றது தொலைத்தொடர்புச் சேவைக்குத்தானே, அந்தச் சேவையில் வந்த வருவாயில் பங்கு தருகிறோம், வங்கி வட்டியில் அரசுக்கு என்ன பாத்தியதை என்று நிறுவனங்கள் கேட்டன. ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்பதே அரசின் பதில். அதில் வட்டி, ஈவுத்தொகை, கைபேசி விற்பனை, தாமதக் கட்டணம் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதோடு, பிற பல்வகை வருவாயும் அடங்கும் என்றும், அவற்றுக்கான செலவைக் கழிக்கக் கூடாது என்றும் தெளிவாக இருக்கிறது. நியாயம் எந்தப் பக்கம் என்று கேட்டால், பொருளாதார நியாயம் பெரும்பாலும் நிறுவனங்களின் பக்கமும், ஒப்பந்த நியாயம் முழுவதும் அரசின் பக்கமும் இருந்தன என்றே சொல்வேன்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்துப் பதினாறு வருடம் எப்படி வழக்கு நடத்த முடிந்தது?

2003-இல் நிறுவனங்களின் சங்கம், டிடிசாட் எனப்படும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தை அணுகியது. 2006-இல் தீர்ப்பாயம், உரிமம் பெற்ற நடவடிக்கைகளின் வருவாய்க்கு மட்டுமே கட்டணம் என்று கூறி, விவரங்களை ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பரிந்துரைக்கு அனுப்பியது. 2007-இல் பெரும்பாலும் நிறுவனங்களுக்குச் சாதகமாகவே இறுதி உத்தரவு பிறப்பித்தது. அரசு மேல்முறையீடு செய்தது.

11 அக்டோபர் 2011 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தொலைத்தொடர்பு நடத்தும் தனியுரிமை மத்திய அரசுடையது. அந்த உரிமையில் ஒரு பங்கை விலைக்குத் தரும்போது அரசு வைக்கும் நிபந்தனையை ஏற்றுப் பயனும் அடைந்தவர், பிறகு அந்த நிபந்தனையே செல்லாது என்று வாதிட முடியாது என்பதும், வரையறை செல்லுமா என்று ஆராயத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை, அரசு கேட்கும் தொகை வரையறைப்படி சரியா என்றுதான் பார்க்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆகவே வரையறையின் மீதான வழக்கு 2011-லேயே ஏறத்தாழ முடிந்துவிட்டது. வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஏப்ரல் 2015-இல் அது வாடகை, வட்டி, ஈவுத்தொகை, சொத்து விற்ற லாபம் போன்றவற்றை மறுபடியும் விலக்கியது. இரு தரப்பும் உச்ச நீதிமன்றம் சென்றன. நிறுவனங்கள் இந்த இடைக்கால வெற்றிகளைப் பாதுகாப்பு என்று நம்பியதுதான் பின்னர் வந்த துயரத்தின் தொடக்கம்.

2019 தீர்ப்பில் நீதிமன்றம் என்னதான் சொன்னது?

24 அக்டோபர் 2019 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய அமர்வு, தொலைத்தொடர்புத் துறையின் விளக்கத்தை ஏற்றது. பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், தள்ளுபடி, கமிஷன், வாராக்கடன், அந்நியச் செலாவணி ஆதாயம், காப்பீட்டு இழப்பீடு என்று ஒவ்வோர் இனமாக எடுத்துப் பேசியது. பில் போட்டும் வாடிக்கையாளர் கட்டாமல் போன தொகையைக்கூட வருவாயிலிருந்து கழிக்க முடியாது என்று முடிவானது. கணக்கியல் தரநிலை எதை வருவாய் என்கிறதோ அதையே எடுக்க வேண்டும் என்ற வாதமும் எடுபடவில்லை. ஒப்பந்தமே ஒரு வரையறையைத் தரும்போது தரநிலைக்கு அங்கே இடமில்லை என்றது நீதிமன்றம்.

வட்டி, அபராதம், அபராதத்தின் மீது வட்டி ஆகிய அனைத்தும் செல்லும் என்று கூறி, செலுத்த மூன்று மாதம் அவகாசம் தந்தது. 16 ஜனவரி 2020 அன்று சீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. அவகாசம் முடிந்த பிறகு, கடும் நடவடிக்கை வேண்டாம் என்று துறையின் அதிகாரி ஒருவர் கடிதம் எழுதியது பிப்ரவரியில் நீதிமன்றத்தின் கடுங்கோபத்துக்கு உள்ளானது.

அசல் இருபத்து மூவாயிரம் கோடிதான் என்கிறார்கள். அது எப்படி ஒன்றரை லட்சம் கோடி ஆனது?

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்றால் அது இதுதான். நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி உரிமக் கட்டண நிலுவை ஏறத்தாழ 92,640 கோடி ரூபாய். அதில் உண்மையான உரிமக் கட்டணம் 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அபராதத்தின் மீதான வட்டி 16,878 கோடி. அதாவது, கேட்கப்பட்ட நான்கு ரூபாயில் ஒரு ரூபாய்தான் அசல். இதனுடன் அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டண நிலுவை சுமார் 55,000 கோடி சேர்ந்தபோது மொத்தம் 1.47 லட்சம் கோடியைத் தொட்டது.

காரணம் ஒப்பந்தத்தின் வட்டி விதி. ஸ்டேட் வங்கியின் அடிப்படைக் கடன் விகிதத்துக்கு மேல் சில சதவீதம் கூட்டி, அதை மாதந்தோறும் அசலில் சேர்த்துக் கூட்டு வட்டியாகக் கணக்கிட வேண்டும். கட்டத் தவறிய தொகை ஒரு வரம்புக்கு மேல் போனால் அதில் 50 சதவீதம் அபராதம். அந்த அபராதத்துக்கும் அதே வட்டி. ஓர் எடுத்துக்காட்டுக்காக வட்டி 14 சதவீதம் என்று கொள்வோம். 100 ரூபாய் நிலுவை 15 ஆண்டில், மாதக் கூட்டு வட்டியில் ஏறத்தாழ 807 ரூபாயாகும். அதே நாளில் 50 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தால் அது தனியே 403 ரூபாயாகும். மொத்தம் 1,200 ரூபாயைத் தாண்டிவிடும். தனி வட்டியாக இருந்திருந்தால் அந்த 100 ரூபாய் 310 ரூபாயோடு நின்றிருக்கும்.

வட்டி குட்டி போடும் என்று ஊரில் சொல்வதை இவ்வளவு பெரிய அளவில் பார்ப்பது அரிது. ஒப்பந்தத்தில் இருந்தது என்பதாலேயே இந்த விதி நியாயமாகிவிடாது என்பது என் கருத்து. ஒரு சொல்லின் பொருளைப் பற்றித் தீர்ப்பாயமே இருமுறை நிறுவனங்களின் பக்கம் நின்ற தகராறில், அபராதம் என்பதற்கு இடமே இருந்திருக்கக் கூடாது. ஆனால் நிறுவனங்களுக்கும் ஒரு வழி திறந்திருந்தது. எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டியிருந்தால் வட்டி அன்றே நின்றிருக்கும். வென்றிருந்தால் திரும்பக் கேட்டிருக்கலாம். பணத்தைத் தொழிலில் சுழற்றிக்கொண்டு வழக்கை நடத்துவதையே பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு பெரிய கடன் இருப்பது பங்குதாரர்களுக்கு ஏன் முன்பே தெரியவில்லை?

தெரிந்துகொள்ளக் கூடிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் எளிதில் கண்ணில் படும் இடத்தில் இல்லை. கட்ட வேண்டிவரும் என்பது பெரும்பாலும் உறுதியாக இருந்தால் நிறுவனம் அதற்குப் பணம் ஒதுக்கி லாபத்தில் கழிக்க வேண்டும். வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தால், வரக்கூடிய பொறுப்பு என்று ஆண்டறிக்கையின் குறிப்புகளில் சொன்னால் போதும். முன்பு சொன்ன தீர்ப்பாய உத்தரவுகளைக் காட்டி, தகராறுக்குரிய பெரும் தொகைகளை இரண்டாவது வகையில் வைத்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே காலாண்டில் கணக்கில் கொண்டுவர நேர்ந்தது. 2019 செப்டம்பருடன் முடிந்த காலாண்டில் வோடபோன் ஐடியா 50,921 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் அவ்வளவு நட்டம் காட்டியதில்லை. ஏர்டெல்லின் நட்டம் 23,045 கோடி. ஆண்டறிக்கை வாங்கினால் லாப நட்டக் கணக்கைவிட முன்னதாக வரக்கூடிய பொறுப்புகளைப் பற்றிய குறிப்பைப் படியுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

ஜியோ மட்டும் எப்படித் தப்பியது?

தப்பியது என்பது சரியான சொல் அல்ல. ஜியோ 2016 செப்டம்பரில்தான் வணிகச் சேவையைத் தொடங்கியது. நிலுவை சேர்வதற்கான ஆண்டுகளே அதற்கு மிகக் குறைவு. 2020 ஜனவரியில் சுமார் 195 கோடி ரூபாய் கட்டி முடித்தது. மேலே காட்டிய வட்டிக் கணக்கில் காலம்தான் எல்லாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எரிவாயு விற்கும் கெயில் நிறுவனத்துக்கும் நோட்டீஸ் போனதாமே, அது எப்படி?

உண்மைதான். கெயில், பவர்கிரிட், ஆயில் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் குழாய்களோடும் மின்தடங்களோடும் கண்ணாடி இழை வடங்களைப் பதித்து, அவற்றைப் பயன்படுத்தச் சிறு உரிமங்கள் பெற்றிருந்தன. வரையறையை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்ட துறை, எரிவாயுவும் மின்சாரமும் விற்று வந்த வருவாயையும் சேர்த்து, எல்லாமாக ஏறத்தாழ 4 லட்சம் கோடி ரூபாய் கேட்டது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. தன் தீர்ப்பு அந்நிறுவனங்களைப் பற்றியதே அல்ல என்றது. அதன்பின் துறை அந்தக் கோரிக்கையில் 96 சதவீதத்தைத் திரும்பப் பெற்றது. ஓர் உரிமக் கட்டண விதி இந்த எல்லை வரை போகக் கூடியதாக எழுதப்பட்டிருந்தது என்பதே, அதை எழுதியவர்கள் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதைக் காட்டுகிறது.

அரசு ஒரு தொகை சொல்கிறது, நிறுவனம் ஒரு தொகை சொல்கிறது. கூட்டல் தப்பைக்கூடத் திருத்தக் கூடாதா?

2020-இல் வோடபோன் ஐடியாவிடம் அரசு கேட்டது 58,254 கோடி. நிறுவனம் தானே போட்ட கணக்கு 21,533 கோடி. ஏர்டெல்லுக்கு அரசு சொன்னது 43,980 கோடி. நிறுவனம் சொன்னது 13,004 கோடி. ஒரே வருவாய் இருமுறை சேர்க்கப்பட்டிருக்கிறது, கட்டிய தொகைகள் சில கழிக்கப்படவில்லை என்பது நிறுவனங்களின் குறை.

1 செப்டம்பர் 2020 தீர்ப்பில் நீதிமன்றம், மொத்தத்தில் 10 சதவீதத்தை 31 மார்ச் 2021-க்குள் கட்டிவிட்டு, மீதியை 2031 மார்ச் வரை ஆண்டுத் தவணைகளாகச் செலுத்த அனுமதித்தது. அதோடு, தொகைகளை மறுமதிப்பீடு செய்யக் கூடாது என்றும் கட்டளையிட்டது. கணக்குப் பிழைகளை மட்டுமாவது திருத்த அனுமதி கேட்ட மனுக்கள் ஜூலை 2021-இல் தள்ளுபடியாயின. கடைசி வழியான கியூரேட்டிவ் மனுக்களும் 2024-இல் நிராகரிக்கப்பட்டன. வழக்கு முடிவில்லாமல் நீண்டுவிடும் என்ற நீதிமன்றத்தின் கவலை புரிகிறது. பதினாறு ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும். ஆயினும் சட்டக் கேள்வி முடிவதும், கூட்டல் கழித்தல் சரிபார்க்கப்படுவதும் வேறு வேறு. இரண்டாவதற்கான கதவு மூடப்பட்டது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

2021-இல் அரசே மன்னித்துவிட்டது என்று படித்தேனே?

பழைய நிலுவை மன்னிக்கப்படவில்லை. 15 செப்டம்பர் 2021 அன்று மத்திய அமைச்சரவை அறிவித்த சீர்திருத்தத்தில் இரண்டு வகையான முடிவுகள் இருந்தன, அவற்றைக் கலந்துகொள்வதால்தான் குழப்பம். முதலாவது இனி வரும் காலத்துக்கானது. தொலைத்தொடர்பு அல்லாத வருவாய் ஏஜிஆரிலிருந்து நீக்கப்பட்டது, அபராதம் எடுக்கப்பட்டது, வட்டி குறைக்கப்பட்டு, மாதக் கூட்டு வட்டி ஆண்டுக் கூட்டு வட்டியானது. அதாவது, 2003-இல் நிறுவனங்கள் கேட்டதன் பெரும்பகுதியை அரசு 2021-இல் தானே ஏற்றுக்கொண்டது, ஆனால் முன்தேதியிட்டு அல்ல.

இரண்டாவது, பழைய நிலுவையின் தவணைகளுக்கு நான்காண்டு ஒத்திவைப்பு. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது. விரும்பினால் அந்த வட்டியைப் பங்குகளாக மாற்றி அரசுக்குத் தரலாம் என்ற வாய்ப்பும் கொடுக்கப்பட்டது. ஏர்டெல் அதை எடுக்கவில்லை. வோடபோன் ஐடியா எடுத்தது.

பாக்கி கேட்கும் அரசே பங்குதாரராகவும் ஆகிவிட்டால் அது சரியா?

2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டி நிலுவைக்கு ஈடாகப் பங்குகள் பெற்று, வோடபோன் ஐடியாவில் அரசு ஏறத்தாழ 33 சதவீதம் உரிமை பெற்றது. 2025-இல் மேலும் 36,950 கோடி ரூபாய் அலைக்கற்றை நிலுவை பங்குகளாக மாறியபோது அது 48.99 சதவீதமானது. நிர்வாகம் பழைய உரிமையாளர்களிடமே இருக்கிறது.

இப்போது அரசு அந்த நிறுவனத்துக்கு உரிமம் தருகிறது, கடன் கேட்கிறது, பெரிய பங்குதாரராகவும் நிற்கிறது. போதாதற்கு, அதன் போட்டியாளரான பிஎஸ்என்எல் முழுவதும் அரசுடையது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் போட்டி நிறுவனங்களுக்கு ஐயம் எழாதபடி, ஒவ்வொரு சலுகையும் எந்த அளவுகோலின்படி தரப்படுகிறது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. மறுபக்கம், அந்த நிறுவனம் மூழ்கினால் தனியாரில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள். 2019 டிசம்பரில், தீர்ப்பு வந்து சுமார் ஆறு வாரத்தில், மூன்று தனியார் நிறுவனங்களும் சில திட்டங்களின் கட்டணத்தை ஏறத்தாழ 40 சதவீதம் வரை உயர்த்தியதை நினைத்துப் பார்த்தால், போட்டி குறைவதன் விலை யார் தலையில் விழும் என்பது விளங்கும்.

ஏர்செல் மாதிரி மூடிப்போன கம்பெனிகளின் பாக்கியை யார் கட்டுவது?

1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், 2018-இன் தொடக்கத்தில் கோபுரங்கள் செயலிழந்து, இலட்சக்கணக்கானோர் எண்ணை மாற்றிக்கொள்ள அலைமோதியதையும், பின்பு திவால் நடைமுறைக்குப் போனதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அது விழுந்ததற்கு ஏஜிஆர் தீர்ப்பு காரணமல்ல. தீர்ப்பு அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அதன் நிலுவை அப்படியே இருக்கிறது. அரசு, அலைக்கற்றை நாட்டின் இயற்கை வளம், பாக்கியைத் தீர்க்காமல் அதை விற்க முடியாது என்கிறது. கடன் கொடுத்த வங்கிகள், அந்த அலைக்கற்றைதான் மிஞ்சிய ஒரே மதிப்புள்ள சொத்து, அதை விற்றால்தான் எங்களுக்கு ஏதாவது கிடைக்கும் என்கின்றன. 2021 ஏப்ரலில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அரசின் பாக்கியைத் தீர்க்காமல் திவால் நடைமுறையைக் கேடயமாகப் பயன்படுத்த முடியாது என்றது. ஆகவே இன்னொருவர் வந்து கட்டுவார் என்பது நடைமுறையில் மிகவும் கடினம்.

கடைசியாக ஒன்று. 2025-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டதா?

இல்லை. 2025 மே மாதத்தில்கூட, வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்யக் கேட்ட மனுக்களை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 27 அக்டோபர் 2025 அன்று, 2016-17 வரையிலான காலத்துக்கு வோடபோன் ஐடியாவிடம் கூடுதலாகக் கேட்கப்பட்ட தொகை பற்றிய மனுவில், அரசே மறுபரிசீலனை செய்ய முன்வந்தால் அதற்குத் தடையில்லை என்று அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு கூறியது. அரசு பெரிய பங்குதாரராக ஆகிவிட்டதையும் சுமார் 20 கோடி வாடிக்கையாளர்களின் நலனையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. நவம்பர் 3 அன்று, வட்டி, அபராதம் உட்பட அந்தக் காலத்துக்கான முழு நிலுவையையும் இந்த மறுபரிசீலனை உள்ளடக்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

ஆகவே 2019-இல் சொன்ன சட்டம் அப்படியே நிற்கிறது. வட்டி, ஈவுத்தொகை உள்ளிட்டவை பழைய ஒப்பந்தத்தின்படி வருவாய்தான். தொகையைச் சரிபார்ப்பது கொள்கை முடிவு என்ற முறையில் அரசின் கைக்குத் திரும்பியிருக்கிறது. அதுவும் வழக்குத் தொடுத்த ஒரு நிறுவனத்தின் சூழ்நிலையைக் கருதி. 2020-இல் கூடாது என்று மூடிய கதவு, ஐந்து ஆண்டு வட்டி ஏறிய பிறகு, ஒருவருக்காகத் திறந்திருக்கிறது. அதே காலத்துக்கு அதே வரையறையின்படி கட்டணம் கேட்கப்பட்ட மற்ற நிறுவனங்களும் தங்கள் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்டால், அவர்களுக்கு மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வது என்பதற்கு அரசு இனி விடை தயாரித்தாக வேண்டும்.